காதுக் கிளிப்போடு 14 மாதங்கள்

எனக்கு முதல் வகை நார்கோலெப்ஸி, அதாவது பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வருவதோடு, சிரித்தால் தசைகள் சட்டென்று தளர்ந்துபோகும் நோய். பரிசோதனைக்காகப் பகலில் ஐந்து முறை படுக்க வைத்தார்கள், சராசரியாக மூன்றே நிமிடத்தில் தூங்கிப்போனேன். காலையில் விழித்திருக்க உதவும் மொடாஃபினில் மாத்திரை 200 மி.கி. போட்டாலும் மதியம் 2 மணிக்கு தலை மேசையில் சாய்ந்துவிடும். அந்த எரிச்சலில்தான் காதில் கிளிப்பாக மாட்டும் இந்த நரம்புத் தூண்டல் கருவியை வாங்கினேன்.

காது மடலின் உள்குழிவில் மூளைத்தண்டிலிருந்து மார்பு, வயிறு வரை போகும் வேகஸ் நரம்பின் கிளை ஒன்று ஓடுகிறது. அங்கே லேசாக மின்துடிப்பு கொடுத்தால், மூளைத்தண்டில் நோர்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து விழிப்பைக் காக்கும் பகுதி வரை அது எட்டும் என்பது கணக்கு. வலிப்பு நோய்க்காக மார்பில் வேகஸ் கருவி பொருத்திக்கொண்டவர்களுக்குப் பகல் தூக்கம் குறைந்ததாக 2001இல் ஒரு ஆய்வு வந்தது. ஆனால் அவர்களுக்கு இருந்தது வலிப்பு. எனக்கோ விழிப்பை நிலைநிறுத்தும் ஒரெக்சினைச் சுரக்கும் மூளைச் செல்களே அழிந்துவிட்டன, அவற்றை எந்த மின்சாரமும் திருப்பித் தராது. "மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றுதான் மருத்துவர் சம்மதித்தார்.

தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம். பஞ்சை உப்புநீரில் நனைத்து, கிளிப்பை இடது காதில் மாட்டி, எறும்பு ஊர்வது போலத் தெரியும் வரை அளவைக் கூட்ட வேண்டும். நனைக்க மறந்தால் சுருக்கென்று குத்தும். இரண்டாவது மாதம் தோல் உரிந்து ஒரு வாரம் விட்டேன்.

பகல் தூக்கத்தை அளக்கும் எப்வொர்த் கேள்வித்தாளில் என் மதிப்பெண் (24க்கு, கூடினால் தூக்கம் அதிகம்) 15இலிருந்து 11க்கு இறங்கியது. வீட்டில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். சிரித்தால் தாடை தொங்கி முழங்கால் மடங்குவது மட்டும் துளியும் மாறவில்லை.

ஒன்பதாவது மாதம் ஊர்வது தெரியவில்லை. பழகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து என் மகள் கிளிப்பைத் தன் விரலில் மாட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுல கரண்டே வரலையே" என்றாள். ஒயர் உள்ளே அறுந்திருந்தது. அந்த மூன்று வாரமும் என் மதிப்பெண் 11தான்!

அப்புறம் யோசித்தால், கிளிப்பைக் கழற்றியதும் 20 நிமிடம் படுத்து எழுவேன். கருவி வருவதற்கு முன் அந்தக் குட்டித்தூக்கம் நேரத்துக்கு நடந்ததே இல்லை. புது ஒயருக்கு இன்னும் ஆர்டர் போடவில்லை. 2 மணிக்கு அலாரம் மட்டும் வைத்திருக்கிறேன்.