புதிய ஆர்.இ.என்.: ஈப்போவின் பெரிய நிறுவனமா, ஊரிலுள்ள சிறிய அலுவலகமா?

என்.சி.சி. எனும் சான்றிதழ்ப் பயிற்சியை முடித்து ஆர்.இ.என். (சொத்து முகவர் நிறுவனத்தின்கீழ் வீடு, நிலம் விற்றுத்தரும் பிரதிநிதி) ஆகப் பதிய விரும்பும் மலேசியாவின் சுங்கை சிப்புட் இளைஞர், ஈப்போவில் கிளை வைத்திருக்கும் பெரிய நிறுவனத்தில் சேரலாம்; அல்லது உரிமம் பெற்ற சொத்து முகவர் ஒருவர் ஊரிலேயே நடத்தும் சிறிய அலுவலகத்தில் சேரலாம். ஒரு நேரத்தில் ஒரு நிறுவனத்தின்கீழ் மட்டுமே பதிய முடியும் என்பதால் இரண்டிலும் கால் வைக்க வழியில்லை. நான் சேர்ந்திருப்பது சிறிய அலுவலகம். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

பெரிய நிறுவனத்தின் பெயரும் பயிற்சி வகுப்புகளும் விளம்பர வசதியும் யாவரும் அறிந்தவை. கமிஷன் பங்குதான் அதிகம் பேசப்படுகிறது. 200,000 ரிங்கிட் வீட்டுக்கு உச்ச வரம்பான 3 விழுக்காடு கிடைத்தால் 6,000 ரிங்கிட். வாங்குபவரை வேறொரு நிறுவனம் கொண்டுவந்தால் பாதி போய் 3,000. அதில் பெரிய நிறுவனம் உங்களுக்கு 90 விழுக்காடு தந்தால் 2,700, சிறிய அலுவலகம் 70 தந்தால் 2,100. அறுநூறு ரிங்கிட் சிறு தொகையன்று; ஆனால் விற்பனை கைகூடினால்தான் அந்தக் கணக்கு.

இங்கே விற்பனை சிக்கிக்கொள்வது கிராண்டில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில். தோட்டத்தில் ஓய்வுபெற்றவர் சேமிப்பைப் போட்டு வாங்கிய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு 99 ஆண்டுக் குத்தகை நிலத்தில் இருக்கலாம். கிராண்டின் 'செக்காத்தான் கெபெந்திங்ஙான்' (உரிமைக் கட்டுப்பாடு) பகுதியில் மாநில அரசின் அனுமதியின்றிக் கைமாற்றக்கூடாது என்று ஒரு வரி இருந்தால், அனுமதி வரும்வரை எல்லாம் நிற்கும். 'சியாராட் ஞாத்தா' (நிலப் பயன்பாட்டு நிபந்தனை) பகுதி விவசாயம் என்று சொல்லும் நிலத்தை வீட்டுமனையாக விளம்பரப்படுத்தினால் அது வேறு வம்பு. எங்கள் அலுவலகத் தலைவர் நில அலுவலகத்தில் எடுத்த சரிபார்ப்புத் தாளை மேசையில் விரித்து, இவ்விரு பகுதிகளையும் என்னை வாய்விட்டுப் படிக்க வைத்த பிறகே விளம்பரத்துக்கு ஒப்புதல் தருவார். "தம்பி, முதல்ல யார் பேரு இருக்குன்னு பாரு" என்பார். இறந்துபோன தந்தையின் பெயரிலேயே கிடக்கும் கிராண்டுகள் இங்கே குறைவல்ல. பெரிய நிறுவனத்தில் சேர்ந்த என் நண்பரோ இத்தகைய கேள்வியை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்.

புதிய வீடமைப்புத் திட்டங்களை விற்பதில் எனக்கு அனுபவம் குறைவு. அதுவே உங்கள் நோக்கமானால், ஆள்பலம் உள்ள ஈப்போ நிறுவனம் பொருந்தக்கூடும்.

எங்கே சேர்ந்தாலும் வீட்டை விற்றுத்தர உரிமையாளர் கொடுக்கும் நியமனக் கடிதம் நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கும். நீங்கள் விலகினால், தேடிப்பிடித்த வீடுகள் உங்களோடு வரமாட்டா. விலகிய பின் நிலுவைக் கமிஷனைத் தருவார்களா என்பதைச் சேருமுன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.