சிங்கப்பூர் டு நியூயார்க் நேரடி ஃப்ளைட் - என் அனுபவம்

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்ல சாங்கில இருந்து ஜேஎஃப்கே வரைக்கும் ஒரே மூச்சுல போனேன், தூரம் கிட்டத்தட்ட 15,300 கிமீ, நேரம் 18 மணி நேரத்துக்கு மேல, நடுவுல எங்கயும் நிக்காம போறதுல இப்போதைக்கு உலகத்துலயே நீளமான பயணிகள் ரூட் இதுதான். விமானம் ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர், அதாவது 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கிற ஸ்பெஷல் மாடல், சீட் மொத்தமே 161தான், எகானமியே கிடையாது, பிரீமியம் எகானமிதான் ஆரம்பம், அதனால டிக்கெட் விலை கூடுதல்தான்.

மேப்ல கோடு போட்டா வடதுருவம் பக்கமா போறதுதான் குறுக்கு வழி, ஆனா போகும்போது பெரும்பாலும் பசிபிக் மேலதான் ஓட்டுவாங்க, அங்க ஜெட் ஸ்ட்ரீம், அதாவது ரொம்ப உயரத்துல வேகமா வீசுற காத்து, பின்னாடி இருந்து தள்ளும், கிலோமீட்டர் கூடினாலும் நேரம் மிச்சம். இத ஸ்கிரீன்ல பாத்துட்டே போறது எனக்கு ரொம்பப் புடிச்சுது!

வயசான அப்பா அம்மாவ அனுப்புறீங்கன்னா கண்டிப்பா இதையே புக் பண்ணுங்க, நடுவுல இறங்கி டெர்மினல் மாறி அலையிற வேலையே இல்ல. அப்பப்ப எழுந்து நடக்கச் சொல்லுங்க, தண்ணி நிறைய குடிக்கணும், கேபின் காத்து ரொம்ப வறட்சி.