மச்சு பிச்சு போகிறவர்களே, ரசீதில் 'இத்ரோ' என்று இருந்தால் பணம் கொடுக்காதீர்கள்

போன மே மாதம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு பெரு போய் வந்தேன். குஸ்கோ நகரத்தில் ஒரு சுற்றுலா ஏஜென்சியிடம் ஆளுக்கு 240 டாலர் கொடுத்து ஏமாந்தோம். பணம் போனதுகூடப் பரவாயில்லை. 66 வயது மனிதரை, மூட்டு வலியோடு, பத்து கிலோமீட்டர் தண்டவாளத்தை ஒட்டி நடக்க வைத்துவிட்டார்கள். அதுதான் இன்னும் மனசு ஆறவில்லை. அடுத்துப் போகிற யாருக்கும் இது நடக்கக்கூடாது.

அப்பா பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பெருவைக் கரும்பலகையில் மூன்று பட்டையாகப் போட்டுக் காட்டியே முப்பது வருடம் பாடம் நடத்தியவர்: மேற்கே பாலைவனக் கடற்கரை, நடுவே ஆண்டிஸ் மலை, கிழக்கே அமேசான் காடு. அந்த ஊர்க்காரர்களும் அப்படித்தான் பிரித்துச் சொல்கிறார்கள்: கோஸ்டா, சியெரா, செல்வா. லிமாவில் இறங்கிய அன்றே கடலோரம் நின்று, வானம் இப்படி மூடிக்கிடந்தும் ஏன் மழை பெய்யவில்லை, குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் என்ன செய்கிறது என்று எனக்கு வகுப்பு எடுத்தார். குஸ்கோ சந்தையில் சுன்யோ விற்கிறார்கள். உருளைக்கிழங்கை ராத்திரி உறைபனியில் போட்டு, பகலில் வெயிலில் காயவைத்து, காலால் மிதித்துத் தண்ணீரை எடுத்துச் செய்கிற வத்தல் அது. கல் மாதிரி, கையில் எடுத்தால் கனமே இல்லை. அப்பா ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "நம்ம ஊர் வத்தலுக்கு அண்ணன்ம்மா இது" என்றார். அவ்வளவு சந்தோஷமாக இருந்த மனிதர்.

பயணம் கடைசி நேரத்தில் முடிவானதால் மச்சு பிச்சு டிக்கெட்டை நான் முன்கூட்டியே எடுக்கவில்லை. அது என் தப்பு. 2024 ஜூன் முதல் அங்கே மூன்று சர்க்யூட், அதாவது சுற்றிப் பார்க்கும் பாதை, வைத்திருக்கிறார்கள். முதல் சர்க்யூட் மேல்தளத்தோடு சரி. படங்களில் பார்க்கிற அந்தக் காட்சி கிடைக்கும், பழைய இன்கா ஊருக்குள் இறங்க முடியாது. இரண்டாவதில் அந்தக் காட்சியும் உண்டு, உள்ளே நடக்கவும் நடக்கலாம். மூன்றாவது கீழ்ப்பகுதி மட்டும். எந்தச் சர்க்யூட் என்று டிக்கெட்டிலேயே அச்சாகிவிடும், பாஸ்போர்ட் எண்ணோடு. கலாச்சார அமைச்சகத்தின் இணையதளத்தில் பார்த்தபோது எங்கள் தேதிக்கு இரண்டாவது தீர்ந்துவிட்டிருந்தது.

குஸ்கோவின் நடுச் சதுக்கமான பிளாசா தே அர்மாஸ் பக்கத்தில் ஒரு சின்ன ஏஜென்சி. உள்ளே இருந்த பெண், "எங்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, இரண்டாவது சர்க்யூட் கிடைக்கும்" என்றார். மேலிருந்து எடுத்த அந்தப் பிரபலமான படத்தையே மேசையில் நகர்த்திக் காட்டினார். போக வர ரயில், ஒரு இரவு அறை, நுழைவு, வழிகாட்டி எல்லாம் சேர்த்து 240. அப்பாவுக்கு மூட்டு வலி, அதிகம் நடக்க முடியாது என்று நான் இரண்டு தடவை சொன்னேன். "ரயில்தான், ரயில்தான்" என்றார். பணமாக வாங்கிக்கொண்டு ஒரு மஞ்சள் ரசீது எழுதிக் கொடுத்தார். போக்குவரத்து என்ற இடத்தில் 'இத்ரோ' என்று கிறுக்கியிருந்தது. சர்க்யூட் என்ற இடத்தில் எண் இல்லை, 'செகூன் திஸ்போனிபிலிதாத்' என்று இருந்தது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் வேன் வந்தது. ரயில் நிலையத்துக்குத்தான் போகிறது என்று நினைத்தோம். அது மச்சு பிச்சு ரயில் ஏறுகிற ஒயான்தாய்தம்போ நிலையத்தைத் தாண்டி, 4,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் மாலகா கணவாயில் ஏறி, மறுபக்கம் வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டே இருந்தது. ஏழு மணி நேரம். சாந்தா தெரேசா என்ற ஊருக்குப் பக்கத்தில் மண் சாலை, ஒரு பக்கம் பாதாளம். அப்பா இருக்கைக் கம்பியை விடவே இல்லை. கடைசியில் ஒரு நீர்மின் நிலையத்துக்கு அருகே இறக்கிவிட்டார்கள். அந்த இடத்தைச் சுருக்கிச் சொல்வதுதான் 'இத்ரோ'. ஓட்டுநர் தண்டவாளத்தைக் கைகாட்டி, "நேராக நடங்கள், மூன்று மணி நேரம்" என்றார். அங்கிருந்தும் ஒரு ரயில் உண்டு. அன்றைக்கு இடம் இல்லை.

அப்பா முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை. "வாம்மா, மெதுவா நடப்போம்" என்றார். சரளைக் கல் மேல் ஒவ்வொரு அடியும் பார்த்துத்தான் வைக்கணும். ஒரு சின்னப் பாலத்தில் கட்டைகளுக்கு நடுவே கீழே ஆறு ஓடுவது தெரிந்தது. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு கடந்தார். மச்சு பிச்சு அடிவாரத்தில் இருக்கும் அகுவாஸ் கலியெந்தெஸ் ஊர் விளக்குகள் தெரியும்போது நன்றாக இருட்டிவிட்டது. அந்த ராத்திரி அவர் முட்டி வீங்கி, மாத்திரை போட்டும் தூங்கவில்லை.

காலையில் வழிகாட்டி கையில் கொடுத்த டிக்கெட் உண்மையானதுதான், பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரி. ஆனால் மூன்றாவது சர்க்யூட். உள்ளே எல்லாம் ஒருவழிப் பாதை, வழியெங்கும் காவலர்கள், மேலே ஏற விடமாட்டார்கள். சூரியக் கோயிலில் கல்லோடு கல் இழைத்துப் பொருத்தியிருக்கும் வேலையை அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மேலே தெரிந்த படிவரிசைகளைக் காட்டி, "அங்கேருந்துதானே அந்தப் படம் எடுப்பாங்க?" என்று கேட்டார். அகுவாஸ் கலியெந்தெஸில் மறுநாளுக்கான டிக்கெட் தினமும் ஆயிரம் நேரில் விற்கிறார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். தெரிந்திருந்தாலும் தங்க முடியாது, அடுத்த நாள் லிமாவுக்கு விமானம்.

திரும்பி நடக்க நான் சம்மதிக்கவில்லை. கைக்காசு போட்டு ஒயான்தாய்தம்போவுக்கு ரயில் எடுத்தோம், ஆளுக்கு 70 டாலருக்கு மேல். இறங்கியதும் நம்ம பஜாஜ் ஆட்டோ நின்றது, அங்கே மோட்டோடாக்சி என்கிறார்கள். அப்பா இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

அன்று மாலையே ஏஜென்சிக்குப் போனேன். அதே பெண், "முதலாளி இல்லை, நாளைக்கு வாங்க" என்றார். அதற்கு முன்னால் பிளாசாவில் இருக்கும் 'ஈபெரு' அலுவலகத்தில் விசாரித்துவிட்டுத்தான் போயிருந்தேன். அது அரசின் சுற்றுலா உதவி மையம், இலவசம். ஒரு ஏஜென்சி முறையாகப் பதிவு செய்ததா என்று பணம் கட்டுவதற்கு முன்பே அங்கே கேட்டுக்கொள்ளலாம். அவர்கள் சொல்லிக்கொடுத்தது ஒரே வார்த்தை: 'லிப்ரோ தே ரெக்லமாசியோனெஸ்'. புகார்ப் புத்தகம். பெருவில் மக்களுக்குச் சேவை தரும் எந்தக் கடையும் அதை வைத்திருக்க வேண்டும், கேட்டால் தந்தாக வேண்டும். இந்தெகோபி என்ற நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு அதைக் கண்காணிக்கிறது. அந்த வார்த்தையைச் சொன்னதும் இல்லாத முதலாளி போனில் வந்தார். முதலில் 50 டாலர் தருகிறேன் என்றார். நான் புத்தகத்தில் எழுத ஆரம்பித்ததும் ஆளுக்கு 130 கொடுத்தார்கள். வேன் வழியாகப் போகிற இதே பயணத்தைப் பக்கத்துக் கடையில் நூறு டாலருக்கு விற்கிறார்கள், வேன் என்று சொல்லியே. அதில் ஒரு தப்பும் இல்லை. எங்களுக்கு ரயில் என்று சொல்லி விற்றதுதான் மோசடி.

இரண்டாவது சர்க்யூட் வேண்டுமென்றால், விமான டிக்கெட் எடுக்கும் முன்பே அமைச்சகத்தின் தளத்தில் தேதியைப் பாருங்கள். ரயில் டிக்கெட்டைப் பெருரயில், இன்காரயில் தளங்களில் நீங்களே எடுக்கலாம், அதற்கு ஏஜென்சி வேண்டியதே இல்லை. பெரியவர்களோடு போகிறவர்கள் 3,400 மீட்டரில் இருக்கும் குஸ்கோவில் முதல் ராத்திரி தங்காமல், விமான நிலையத்திலிருந்து நேராக ஒயான்தாய்தம்போ போய்விடுங்கள். உயரம் குறைவு, தலைவலியும் குறைவு. அப்படியும் ஏஜென்சிதான் என்றால், ரயில் எண்ணும் சர்க்யூட் எண்ணும் உங்கள் பெயரோடு அச்சான டிக்கெட்டைக் கையில் வாங்கிக்கொண்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள். 'செகூன் திஸ்போனிபிலிதாத்' என்றால் 'இருப்பதைப் பொறுத்து' என்று அர்த்தம். அதை நான் வேனில் ஏறிய பிறகுதான் போனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன்.