நோக்கியா 8850 வாங்கப் போகிறவர்களே, பேட்டரியைக் கழற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

420 வெள்ளி போய்விட்டது. மூன்று இரவுகளாகச் சரியான தூக்கம் இல்லை. பழைய கைத்தொலைபேசியை இணையத்தில் தேடிக்கொண்டிருக்கும் யாராவது இதைப் படித்துவிட்டுத் தப்பித்தால் போதும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு இந்த மாதம் 70 வயது நிறைந்தது. சிங்கப்பூரில் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில், போனஸ் பணத்தில் அவர் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் நோக்கியா 8850. 1999இல் வெளிவந்த மாடல். முன்மூடியைக் கட்டைவிரலால் கீழே தள்ளினால் விசைகள் தெரியும். வாங்கிய மறு ஆண்டே அதைப் பஸ்ஸில் தவறவிட்டுவிட்டார். அன்று இரவு அவர் சாப்பிடாமல் படுத்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதைத்தான் திருப்பிக் கொடுக்க நினைத்தேன்.

பயன்படுத்திய பொருள்களை ஆளுக்கு ஆள் விற்றுக்கொள்ளும் ஒரு செயலியில் அந்த விளம்பரம் இருந்தது. பெட்டி, சார்ஜர், கையேடு எல்லாம் சேர்த்து 440 வெள்ளி. ‘அசல், கீறல் இல்லை’ என்று போட்டிருந்தார்கள். நான் ஆங்கிலத்தில் கேட்டேன். என் பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழில் பதில் வந்தது. “யாருக்கு அக்கா வாங்குகிறீர்கள்?” அப்பாவுக்கு என்றேன், கப்பல் பட்டறைக் கதையையும் சொன்னேன். “என் அப்பாவும் பட்டறையில்தான் இருந்தார் அக்கா. உங்களுக்கு 20 வெள்ளி குறைத்துக்கொள்கிறேன். செயலி வழியாக வேண்டாம், நேராகப் பேநவில் போட்டுவிடுங்கள்.” பேநவ் என்பது வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் சேவை. நான் விழுந்தது அந்த இடத்தில்தான். இவ்வளவு நயமாகப் பேசும் ஒருவர், அப்பாவுக்கு என்று தெரிந்தும் போலியைக் கொடுப்பார் என்று எப்படி நினைப்பேன்?

ஈசூன் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் சந்தித்தோம். திரை ஒளிர்ந்தது, மணி ஒலித்தது. சிம் அட்டையைப் போட்டுப் பேசிப் பார்க்கலாமா என்று கேட்டேன். “சிங்கப்பூரில் 2ஜி சேவையை 2017 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டார்களே அக்கா, இதில் எப்படிப் பேசுவது?” என்றார். அது உண்மைதான். 8850 வெறும் 2ஜி கைத்தொலைபேசி. இங்கே எந்த நிறுவனத்தின் அலைவரிசையும் அதற்குக் கிடைக்காது. அந்த உண்மையைச் சொல்லியே என் வாயை அடைத்துவிட்டார். அழைக்க முடியாவிட்டாலும் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. பின்மூடியைத் திறக்கப் போனேன். “பழைய கொக்கி, அவசரத்தில் உடைந்துவிடும், வீட்டில் பொறுமையாகத் திறங்கள்” என்று கையைத் தடுத்தார். அங்கேயே நின்று 420 வெள்ளியை அனுப்பினேன்.

பிறந்தநாளன்று அப்பா மூடியை இரண்டு முறை தள்ளிப் பார்த்தார். “நன்றாக இருக்கிறதம்மா” என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் மெல்ல வந்து சொன்னார்: “அது கையில் எடுத்தால் சில்லென்று இருக்கும். இது அப்படி இல்லை.” அசல் 8850இன் மேலுறை உலோகம். அப்பாவின் விரல் அதை மறக்கவில்லை. எனக்காக ஒரு நாள் முழுவதும் அதைச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். பணத்தைவிட அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

தேக்காவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கைத்தொலைபேசி பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பேட்டரியைக் கழற்றி, அடியில் ஒட்டியிருந்த சீட்டில் உள்ள 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு கைத்தொலைபேசிக்கும் உரிய தனி அடையாள எண்ணைக் காட்டினார். பிறகு *#06# அழுத்தினார். திரையில் வந்தது வேறு எண். *#0000# அழுத்தினால் அசல் நோக்கியாவில் மென்பொருள் பதிப்பும் தேதியும் மாடலின் குறியீடும் வரும்; 8850க்கு அது என்எஸ்எம்-2. இதில் ஒன்றுமே வரவில்லை. மூடியின் உள்விளிம்பை நகத்தால் சுரண்டினார். வெள்ளிப் பூச்சு உதிர்ந்து கறுப்புப் பிளாஸ்டிக் தெரிந்தது. “பெட்டி மட்டும் நன்றாக அச்சடித்திருக்கிறார்கள் தங்கச்சி” என்றார். என்னிடம் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அதன்பிறகு நடந்ததைக் கேளுங்கள். விற்றவருக்கு எழுதினேன். முதலில், “ஊரில் இல்லை அக்கா, திங்கட்கிழமை பேசுகிறேன்.” திங்கட்கிழமை, “நானும் இன்னொருவரிடம் வாங்கியதுதான்.” செவ்வாய்க்கிழமை, “பார்த்துத்தானே வாங்கினீர்கள்?” அக்கா என்ற சொல்லும் போய்விட்டது. அன்று மாலை, நான் செய்தி அனுப்ப முடியாதபடி என்னைத் தடுத்துவிட்டார். செயலியின் உதவிப் பிரிவு, பணம் தங்கள் வழியாக வரவில்லை, ஆகவே பாதுகாப்பு இல்லை என்று ஒரே பதிலை மூன்று முறை அனுப்பியது. வங்கியோ, நீங்களே அனுப்பிய பணம், பெற்றவர் சம்மதிக்காமல் திருப்ப முடியாது என்றது. பயனீட்டாளர் சட்டம் வியாபாரிகளுக்குத்தான், தனியாள் விற்றதற்குச் செல்லாது. சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் கட்டணம் கட்டி வழக்குப் போடலாம். ஆனால் எதிராளியின் முகவரி வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு தொலைபேசி எண் மட்டும். காவல்துறையில் புகார் கொடுத்திருக்கிறேன்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இவற்றையாவது செய்யுங்கள். பேட்டரியைக் கழற்ற விடாதவரிடம் வாங்காதீர்கள். சீட்டில் உள்ள எண்ணும் *#06# காட்டும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். *#0000# அழுத்துங்கள். கையில் எடுத்துக் குளிர்ச்சியையும் எடையையும் பாருங்கள். அசல் 91 கிராம். 20 வெள்ளி குறைகிறதென்று செயலிக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தச் செயலியைத் திறந்து பார்த்தேன். வேறொரு பெயரில் இன்னொரு 8850 வந்திருக்கிறது. அதே மேசைவிரிப்பு, அதே வெளிச்சம். இந்த முறை 450 வெள்ளி.