பெரிய பேட்டரியா, குறைவாகத் தின்னும் காரா? மின்சார கார்களின் நிஜ ரேஞ்ச்

மின்சார கார் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, “ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர்?” என்றுதான். விற்பவரும் அதற்குத்தான் பதிலைத் தயாராக வைத்திருக்கிறார். ஆனால் அந்த ஒற்றை எண்ணுக்குள் இரண்டு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. பேட்டரி எவ்வளவு கொள்கிறது என்பது ஒன்று. கார் எவ்வளவு தின்கிறது என்பது மற்றொன்று. பேட்டரியைப் பெரிதாக்கியும் ரேஞ்சைக் கூட்டலாம், தீனியைக் குறைத்தும் கூட்டலாம். விளம்பரத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இரு துருவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்போம். 2025 மாடல் லூசிட் ஏர் ப்யூர் காரின் பேட்டரி 84 யூனிட் (ஒரு யூனிட் என்றால் ஒரு கிலோவாட் மணி). அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏ அதற்குக் கொடுத்த ரேஞ்ச் 420 மைல், அதாவது சுமார் 676 கிலோமீட்டர். ஜிஎம்சி ஹம்மர் மின்சார பிக்கப்பின் பேட்டரியோ 200 யூனிட்டுக்கும் மேல். 2022-இல் வந்த அதன் முதல் பதிப்புக்கு நிறுவனமே சொன்ன ரேஞ்ச் 329 மைல், சுமார் 529 கிலோமீட்டர். இரு மடங்குக்கு மேல் பெரிய பேட்டரி, ஆனால் ஓடும் தூரம் குறைவு. வண்டியின் எடை நான்கு டன்னைத் தாண்டுவதால், ரேஞ்சையும் நுகர்வையும் அச்சிட்டு வழக்கமான கார்களில் ஒட்டும் இபிஏ வில்லையை ஒட்ட வேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை. எவ்வளவு தின்கிறது என்ற எண் யாருக்கு அதிகம் தேவையோ, அவருக்கு அது கண்ணில் படாமல் போகிறது.

இது யானையையும் மானையும் ஒப்பிடுவது என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். அதனால் நியாயமான ஜோடி ஒன்றுக்கு வருவோம்.

ஒரே வயிறு, வெவ்வேறு உடல்

ஹூண்டாயின் அயானிக் 5, அயானிக் 6 இரண்டும் ஒரே அடித்தளத்தில் பிறந்தவை. அமெரிக்காவில் 2023 மாடலாக விற்ற நீண்ட ரேஞ்ச் பதிப்புகளில் இரண்டுக்கும் ஒரே 77.4 யூனிட் பேட்டரி, ஒரே 168 கிலோவாட் பின்சக்கர மோட்டார். வேறுபாடு பெரும்பாலும் உடலில்தான். 5 நிமிர்ந்து நிற்கும் பெட்டி வடிவம். காற்று எதிர்ப்பு எண் (குறையக் குறைய நல்லது) 0.288. 6 முதுகு சரிந்த செடான். ஹூண்டாய் அறிவித்த அதன் எண் 0.21. இபிஏ ரேஞ்ச் முன்னதற்கு 303 மைல் (488 கி.மீ.), பின்னதற்கு 361 மைல் (581 கி.மீ.). பேட்டரியில் ஒரு யூனிட்கூடக் கூட்டாமல் 90 கிலோமீட்டருக்கு மேல் கிடைத்துவிட்டது.

இந்த வித்தியாசம் எல்லா வேகத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. இரண்டு கார்களின் முன்பரப்பும் 2.4 சதுர மீட்டர் என்று சமமாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 50 கிலோமீட்டரில், 100 கிலோமீட்டர் போவதற்குக் காற்றைக் கிழிக்க மட்டும் செடானுக்கு 1.6 யூனிட், பெட்டிக்கு 2.2 யூனிட். பொருட்படுத்த வேண்டாத இடைவெளி. வேகத்தை 120-க்கு ஏற்றினால் 9.3-க்கு எதிராக 12.8 யூனிட்! காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால் வரும் வினை இது. நகரத்துக்குள்ளேயே சுற்றுபவர் பெட்டி வடிவத்தை எந்தக் குற்ற உணர்வும் இல்லாமல் வாங்கலாம். எடைகூட அங்கே பெரிய எதிரி இல்லை. வேகம் கூட்டச் செலவழித்ததில் கணிசமான பங்கை, வேகம் குறைக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறித் திருப்பித் தந்துவிடுகிறது. காற்றுக்குக் கொடுத்ததைத் திருப்பி வாங்க வழி கிடையாது.

இனி, வாங்குபவர்கள் அதிகம் கவனிக்காத பகுதி. மேலே சொன்ன 361 மைல் 18 அங்குலச் சக்கரம் போட்ட அயானிக் 6-க்கு உரியது. அதே காரை, அதே பேட்டரி, அதே மோட்டாருடன், 20 அங்குலச் சக்கரம் வரும் உயர்ரகப் பதிப்பில் எடுத்தால் இபிஏ எண் 305 மைலுக்கு இறங்குகிறது. உயர்ரகப் பதிப்பில் கூடுதல் வசதிகளின் எடையும் உண்டு என்பதால் முழுப் பழியையும் சக்கரத்தின் மேல் போட முடியாது. ஆனாலும் அகலமான டயரும் பெரிய சக்கரமும்தான் முதல் குற்றவாளிகள். பொறியாளர்கள் காற்றுச் சுரங்கத்தில் உட்கார்ந்து செதுக்கிச் செதுக்கிச் சேர்த்த லாபம் அத்தனையும், ஷோரூமில் சக்கரத்தின் அழகைப் பார்த்துத் தலையாட்டிய ஒரு நொடியில் கரைந்து, கார் பெட்டி வடிவ அண்ணனின் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. பாதிப் பாவம் வாங்குபவருடையது என்பேன்.

எந்த எண்ணை நம்புவது?

ஐரோப்பாவின் டபிள்யூஎல்டிபி சோதனை 23 டிகிரி செல்சியஸில், 30 நிமிடத்தில், 23.25 கிலோமீட்டர் ஓட்டுகிறது. சராசரி வேகம் மணிக்கு 46.5 கிலோமீட்டர்தான். உச்சமாக 131-ஐத் தொட்டாலும் அங்கே தங்குவதில்லை. ஏசி ஓடாது. நெடுஞ்சாலைப் பயணத்துக்கு இந்த எண்ணை நம்பிக் கிளம்புவது வம்பை விலைக்கு வாங்குவது. சீனாவின் சிஎல்டிசி இன்னும் தாராளம். அதன் சராசரி வேகம் 29 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது.

மூன்றில் இபிஏதான் கறார். ஆய்வகத்தில் கிடைத்த ரேஞ்சைப் பொதுவாக 0.7-ஆல் பெருக்கித்தான் வில்லையில் போடுகிறார்கள். ஆனால் கூடுதல் சோதனைகளைச் செய்து, அந்தக் குறைப்பைத் தளர்த்திக்கொள்ள நிறுவனங்களுக்கு வழி இருக்கிறது. ஒருவர் அந்த வழியில் போயிருப்பார், இன்னொருவர் போயிருக்க மாட்டார். போர்ஷே டைகானின் தொடக்க மாடல்கள் வாகன இதழ்களின் சாலைச் சோதனைகளில் வில்லை எண்ணைத் தாண்டி ஓடியதையும், டெஸ்லா கார்கள் பலமுறை அதை எட்டாமல் நின்றதையும் இதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 2024 ஜனவரியில் டெஸ்லாவே தன் பல மாடல்களின் எண்களைக் குறைத்துக்கொண்டது.

நுகர்வு எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அயானிக் 6-க்கு இபிஏ கணக்கில் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 15 யூனிட். பேட்டரியின் 77.4 யூனிட்டை 581-ஆல் வகுத்தாலோ 13.3 தான் வருகிறது. மிச்சம் எங்கே போயிற்று? சார்ஜ் ஏற்றும்போது வெப்பமாகிப் போனது. இபிஏ சுவரில் இருந்து இழுத்ததைக் கணக்கிடுகிறது. காரின் திரை பேட்டரியில் இருந்து போனதை மட்டும் காட்டுகிறது. ஒரு காரின் திரை எண்ணையும் இன்னொரு காரின் இபிஏ எண்ணையும் பக்கத்தில் வைத்து வாதாடுபவர்களிடம் வாய் கொடுக்காமல் இருப்பது நல்லது.

குளிர் வந்தால் ஒப்பீடே வேறு. பழைய பாணி மின்கம்பி ஹீட்டர் உறைநிலைக் குளிரில் 4 கிலோவாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடும்போது அது 100 கிலோமீட்டருக்கு 4 யூனிட். நெரிசலில் 30 கிலோமீட்டரில் ஊர்ந்தால் 13 யூனிட்டுக்கு மேல். கார் ஓடுவதற்கே அவ்வளவு ஆகாது! ஹீட்டர் தூரத்தைப் பார்ப்பதில்லை, நேரத்தைத்தான் பார்க்கிறது. வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்துத் தரும் ஹீட் பம்ப் உள்ள கார் உறைநிலையை ஒட்டிய குளிரில் இதே வெப்பத்தைப் பாதிச் செலவில் தரும். கடுங்குளிரில் அதன் கையும் கட்டப்பட்டுவிடும். வெயில் ஊர்க்காரர்களுக்கு இதில் கவலை குறைவு. கார் குளிர்ந்த பிறகு ஏசி ஒரு கிலோவாட் அளவில் அடங்கிவிடும்.

நீண்ட பயணம் போகிறவர் கவனிக்க வேண்டியது வேறொன்று. 150 கிலோவாட்டில் 20 நிமிடம் சார்ஜ் செய்தால் இரண்டு கார்களுக்கும் கிடைப்பது அதே 50 யூனிட்தான். 100 கிலோமீட்டருக்கு 16 யூனிட் தின்னும் கார் அதை வைத்து 312 கிலோமீட்டர் போகும். 25 யூனிட் தின்னும் கார் 200-இல் நின்றுவிடும். பெரிய பேட்டரியின் அனுகூலம் முதல் நிறுத்தத்தோடு தீர்ந்துபோகிறது. குறைந்த தீனியின் அனுகூலம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வந்து சேர்கிறது. பாரம் இழுப்பவர், சார்ஜர் அரிதான வழியில் போகிறவர் ஆகிய இருவருக்கு மட்டும் பெரிய பேட்டரியைத் தயங்காமல் சொல்வேன்.

பேட்டரியின் வகையும் ரேஞ்சைத் தொடுகிறது. நிக்கல் கலந்த பேட்டரியை அன்றாடம் 80 சதவீதத்தோடு நிறுத்தச் சொல்கிறார்கள் பல தயாரிப்பாளர்கள். 400 கிலோமீட்டர் என்று வாங்கிய கார் தினசரி வாழ்வில் 320 கிலோமீட்டர் காராகிவிடும். இரும்பு பாஸ்பேட் பேட்டரியை முழுக்க ஏற்றலாம். அதன் மின்னழுத்தம் நெடுந்தூரத்துக்கு மாறாமல் கிடப்பதால், மீதம் எவ்வளவு என்று கார் சரியாகக் கணிக்கவே அவ்வப்போது முழு சார்ஜ் வேண்டும். எடை கூடுதல், குளிரில் சார்ஜ் ஏறுவது மந்தம். இருந்தாலும் எண்ணில் கொஞ்சம் குறைந்த இரும்பு பாஸ்பேட் காரையே அன்றாட ஓட்டத்துக்கு நான் எடுப்பேன்.

இரண்டு கார்களில் எதை எடுப்பது என்று குழம்பினால், ஓட்டிப் பார்க்கும்போது திரையில் மீதி ரேஞ்ச் என்று வருவதைப் பார்க்காதீர்கள். அது முன்பு ஓட்டியவரின் காலைப் பொறுத்த ஊகம். பயண மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். டயர் காற்றைச் சரிபாருங்கள். நீங்கள் வழக்கமாகப் போகும் நெடுஞ்சாலை வேகத்தில் ஒரே சாலையில் போய்த் திரும்புங்கள். காற்றின் திசையும் மேடும் பெரும்பாலும் கழிந்துவிடும். அடுத்த காரையும் அதே நாளில், அதே வழியில் ஓட்டி, 100 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்று இரண்டையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். விற்பனையாளர் பின் இருக்கையில் இருந்து சக்கரங்களைப் புகழ்ந்துகொண்டிருப்பார், இருக்கட்டும்.