பழைய கேமராவுக்கு ஆல்கலைனா, ரீசார்ஜபிளா?

எங்கள் வீட்டுப் பழைய டிஜிட்டல் கேமரா இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடுவது. புது ஆல்கலைன் (ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் வகை) போட்டாலும் லென்ஸ் பாதி வெளியே வந்து அப்படியே நின்றுவிடும். அதே பேட்டரி சுவர்க் கடிகாரத்தில் மாதக்கணக்கில் ஓடும்! ஆல்கலைன் 1.5 வோல்ட் என்றாலும், லென்ஸ் மோட்டாரும் ஃபிளாஷும் ஒரேயடியாக மின்சாரம் இழுக்கும்போது வோல்டேஜ் சரிந்துவிடும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜபிள் 1.2 வோல்ட்தான்; ஆனால் உள்தடை (பேட்டரிக்குள்ளேயே மின்சாரத்துக்கு இருக்கும் தடை) குறைவு, சார்ஜ் தீரும்வரை பெரிதாக இறங்காது. என் ஓட்டு இதற்கே. ஆனால் சாதாரண ரீசார்ஜபிளில் சும்மா கிடந்தாலே சார்ஜ் குறையும். 2005-இல் வந்த எனலூப் என்ற பிராண்டு போன்ற ரீசார்ஜபிள்களில் சார்ஜ் மாதக்கணக்கில் தாங்கும்.

அவசரத்துக்கு ஆல்கலைன் சரி. வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். ஒழுகினால் ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்துவிடும். அப்புறம், எதை வாங்கும் முன்பும் கேமராவின் பேட்டரி முனைகளை அழுக்குப் போக அழிரப்பரால் தேய்த்துப் பாருங்கள்.