நாயோடு அருவிக்கு: ரோஸ் ரிவரா, சவுத் ரிவரா, ஒயிட் ஓக்கா?

வாஷிங்டன் டி.சி. பக்கம் இருப்பவர்களுக்கு ஏப்ரல் பிறந்தால் வர்ஜீனியாவின் ஷெனன்டோவா தேசியப் பூங்கா ஞாபகம் வந்துவிடும். அங்கே அருவி என்று தேடினால் முதலில் வந்து நிற்பது டார்க் ஹாலோ. போய்வர 1.4 மைல்தான், 70 அடி அருவி, சாலையோரத்திலேயே வண்டியை நிறுத்தலாம். ஆனால் அந்தப் பாதையில் நாய்க்கு அனுமதி கிடையாது. இது தெரியாமல் முதல் வருடம் எங்கள் மணியைக் கூட்டிக்கொண்டு போய், பலகையைப் படித்துவிட்டு மறுபடி வண்டியில் ஏறினோம். பின் சீட்டிலிருந்து அது பார்த்த பார்வை இருக்கிறதே!

அமெரிக்காவின் தேசியப் பூங்காக்கள் பலவற்றில் நடைபாதைப் பக்கமே நாயை விடமாட்டார்கள். அந்த வகையில் ஷெனன்டோவா தாராளம்தான். 500 மைலுக்கு மேல் பாதை இருக்கிறது, தடை சுமார் 20 மைலுக்கு மட்டும். என்ன, ஓல்ட் ராக், ஸ்டோனி மேன், டார்க் ஹாலோ என்று எல்லோரும் கேள்விப்பட்ட பெயர்கள் எல்லாம் அந்த இருபதுக்குள் அடங்கிவிடுகின்றன.

நாயோடு போகக்கூடிய அருவிகளில் ரோஸ் ரிவர், சவுத் ரிவர், ஒயிட் ஓக் மூன்றையும் ஒப்பிடும் முன் ஒரு விஷயம். ஸ்கைலைன் டிரைவ் மலை முகட்டிலேயே 105 மைல் ஓடும் சாலை. அருவிகள் அதற்குக் கீழே இருக்கின்றன. அதனால் முதலில் இறக்கம், திரும்பும்போது ஏற்றம். நமக்குக் கணக்குத் தெரியும், நாய்க்குத் தெரியாது. இறங்கும்போதே தெம்பையெல்லாம் தீர்த்துவிட்டு, ஏறும்போது பாதி வழியில் உட்கார்ந்துகொள்ளும். 25 கிலோ நாயைத் தூக்கிக்கொண்டு ஏறிப் பார்த்தால்தான் தெரியும்.

சவுத் ரிவர் அருவிக்கான பாதை ஸ்கைலைன் டிரைவின் 62.8ஆவது மைலில். கழிப்பறை, மேசை எல்லாம் உள்ள பிக்னிக் திடலிலிருந்தே பாதை தொடங்குவதால் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு வசதி. அருவி 83 அடி. 1.3 மைல் இறங்கினால் பார்வை முனை வந்துவிடும். இலை முழுதாகத் துளிர்க்காத வசந்தத்தின் தொடக்கத்தில் அங்கிருந்து காட்சி நன்றாகவே இருக்கும். ஆனால் அது மனிதர்களுக்கான காட்சி. தூரத்தில் விழும் தண்ணீரை வைத்து நாய் என்ன செய்யும்? பக்கத்தில் நிற்பவரின் சிப்ஸ் பொட்டலத்தைத்தான் பார்க்கும். அருவியின் அடிவாரத்துக்குப் போக இன்னும் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டும், அத்தனையும் பிறகு ஏற வேண்டிய தூரம்.

ரோஸ் ரிவர் 49.4ஆவது மைலில், ஃபிஷர்ஸ் கேப்பில் தொடங்குகிறது. சுமார் 4 மைல் வட்டம், 910 அடி ஏற்றம். அருவி 67 அடிதான், மூன்றிலும் சின்னது. இருந்தும் என் ஓட்டு இதற்கே. காரணம் தண்ணீர் கூடவே வருகிறது. அருவியைத் தாண்டியதும் ஹாக்கேம்ப் ஓடையை ஒட்டியே மேலே ஏறுகிறோம். வழியெல்லாம் சின்னச் சின்னக் குட்டைகள், நினைத்த இடத்தில் நாய் காலை நனைத்துக்கொள்ளலாம். பழைய செப்புச் சுரங்கத்தின் மிச்சம்கூட வழியில் உண்டு. கடைசியில் அகலமான மண்சாலை, ஏற்றமும் கடுமையில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: தொடக்கத்தில் கொஞ்ச தூரம் குதிரைப் பாதையும் இதுதான். குதிரையைப் பார்த்துக் குரைக்கும் ரகம் என்றால் கயிற்றை இழுத்துப் பிடியுங்கள். பெருமழைக்கு மறுநாள் போகவேண்டாம், பாறைகள் வழுக்கும்.

ஒயிட் ஓக் கேன்யன் அழகில் முதலிடம். மேல் அருவி 86 அடி. ஸ்கைலைன் டிரைவிலிருந்து போய்வர 4.6 மைல், 1,000 அடிக்கு மேல் ஏற்றம். பள்ளத்தாக்குப் பக்கத்திலிருந்து கீழ் அருவிக்கும் போகலாம். அதில் முதலில் ஏற்றம், பிறகு இறக்கம் என்பதால் புதிதாக நடக்கும் நாய்க்கு நல்லது. ஆனால் வெயில் வந்துவிட்டால் வார இறுதியில் குற்றாலம் சீசன் கூட்டம்தான். வார நாளில் லீவு போட முடிந்தவர்கள் யோசிக்கலாம்.

பூங்காவிலேயே உயரமான ஓவரால் ரன் அருவி 93 அடி. கோடையில் நூலாகிவிடும், வசந்தத்தில்தான் பார்க்க வேண்டும். ஆனால் 1,800 அடி ஏற்றம், இளம் லாப்ரடாருக்கு மட்டும்.

எங்கே போனாலும் கயிறு 6 அடிக்கு மேல் இருக்கக்கூடாது, இழுக்க இழுக்க நீளும் வகையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வசந்தத்தில் கரடிகள் குட்டிகளோடு திரியும். அப்புறம் உண்ணி. லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி இந்தப் பக்கம் நிறைய. வண்டியில் ஏற்றும் முன் காதுமடல், அக்குள், விரலிடுக்கு மூன்றையும் தடவிப் பாருங்கள்.

ரோஸ் ரிவர் வட்டம் அந்த மண்சாலையில் சேரும் இடத்தில்தான் டார்க் ஹாலோ பாதையின் கீழ் முனையும் வந்து முடிகிறது. இருவராகப் போனால் ஒருவர் நாயைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் மேலே ஏறி அருவியைப் பார்த்துவிட்டு வரலாம். நான் இன்னும் பார்த்ததில்லை. மணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை எப்போதும் எனக்குத்தான் வருகிறது.